அடுத்த அறை

என் மனைவிக்கு வெக்கை ஆகாது. முதலில் இதை எழுதிக்கொள்ளுங்கள், சார். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம் வருவதுதான்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், எங்களுக்குக் கல்யாணமான புதிது. அணுமின் நிலையத்தின் உலோகச் சோதனைக் கூடத்தில் நான் வேலை பார்த்தேன். இன்றைக்கும் அங்கேதான். பக்கத்து அறையில் அவள் எங்கள் அறிக்கைகளைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். என் பக்கம் அந்தச் சுவரை ஒட்டி ஓவன் நின்றது.

ஓவன் என்றால் சமையல் சமாசாரம் இல்லை. பீரோ அளவுக்கு ஒரு இரும்புப் பெட்டி. நிலையத்தில் சுடுநீர் ஓடும் குழாய்களும் வால்வுகளும் முந்நூறு டிகிரிச் சூட்டில் வருடக்கணக்காகக் கிடக்கின்றன. அந்த வார்ப்பு எஃகு உருகாது, இளகாது, பார்வைக்கு ஒரு மாற்றமும் தெரியாது. உள்ளுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டிப்பட்டு, கடைசியில் அடி தாங்காததாகிவிடும். நாற்பது வருடத்தில் என்ன ஆகும் என்று நாற்பது வருடம் உட்கார்ந்து பார்க்க முடியாது. அதனால் அதே எஃகில் விரல் நீளத் துண்டுகள் செய்து, இன்னும் அதிகச் சூட்டில், நானூறு டிகிரியில், நான்கு வருடம் ஓவனில் வைப்போம். பிறகு வெளியே எடுத்து, ஊசலாடும் பெரிய சுத்தியலால் ஒரே அடி. நல்ல எஃகு வளைந்து மல்லுக்கட்டும், அளவு முள் பெரிய எண்ணைக் காட்டும். கெட்டுப்போனது படக்கென்று ஒடியும், எண்ணும் சின்னதாக இருக்கும். என் வேலை அவ்வளவுதான்.

அந்தக் கோடையில் அவள் முகமெல்லாம் வியர்த்து வீட்டுக்கு வந்தாள். “சுவரே கொதிக்குதுங்க. அதுல முதுகைக் குடுத்துட்டு நான் எப்படி உக்காருறது?” என்றாள். மறுநாள் அவள் வந்ததும் ஓவனை இருநூறுக்கு இறக்கினேன். அவள் கிளம்பியதும் ஏற்றினேன். மறுபடி நானூறு வர இரண்டு மணி நேரம் ஆகும். ஒரு வாரம் தினமும் காத்திருந்து பார்த்தேன். அப்புறம் ஏற்றவே இல்லை.

பதிவேட்டில் நானூறு என்றே எழுதினேன். வேறு எண்ணை எழுதினால் பக்கத்துக் கட்டத்தில் காரணம் எழுத வேண்டும். அந்தக் கட்டம் மிகவும் சின்னது. சூட்டைத் தானாகவே கோடு போட்டுக் காட்டும் கருவி ஒன்றும் இருந்தது. அதன் பேனா காய்ந்து மாதக்கணக்காகியிருந்தது. புதுப் பேனா கேட்டு எழுதிப் போட்டோம். இன்னும் வரவில்லை.

இருநூறு டிகிரியில் அந்த எஃகுக்கு ஒன்றுமே ஆகாது, சார். நான்கு வருடம் கழித்துத் துண்டுகளைச் சுத்தியலுக்குக் கொடுத்தபோது எல்லாம் புதுசு போல நின்றன. இவ்வளவு நல்ல எஃகை நான் பார்த்ததே இல்லை என்று தலைமைப் பொறியாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த அறிக்கையை வைத்து நிலையத்துக்கு இன்னும் இருபது வருடம் ஓட அனுமதி கிடைத்தது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஓவன் சும்மா கிடந்தது. மீந்த துண்டுகள் சிலவற்றை அதில் போட்டு, இந்தத் தடவை நிஜமாகவே நானூறில் வைத்தேன். மனசாட்சி என்று நீங்கள் நினைத்துக்கொண்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒன்றரை வருடம் போனதும் ஒரு துண்டை அடித்துப் பார்த்தேன். புதிதில் இருநூறைத் தொடும் எஃகு. முள் முப்பதில் நின்றது. துண்டு பிஸ்கட் போல ஒடிந்தது. இரண்டு பாதிகளையும் காகிதத்தில் சுற்றி என் மேசை டிராயரில் வைத்தேன். இதோ, கொண்டுவந்திருக்கிறேன்.

என் மச்சினன் நிலையத்தில் ஃபிட்டர். மனைவியின் ஒரே தம்பி. வேலையில் சேர்த்துவிட்டதே நான்தான். எதையும் கேட்காமல் தொட மாட்டான். எங்கள் வீட்டு மின்விசிறியைக் கழற்றக்கூட மூன்று முறை கேட்பான். போன மாதம், நிலையத்தைப் பராமரிப்புக்கு நிறுத்தி மறுபடி சூடேற்றிக்கொண்டிருந்த அன்று காலை, கையைத் துடைத்துக்கொண்டே என் அறைக்கு வந்தான்.

“அத்தான், அந்தப் பெரிய வால்வு சிக்கிக்கிச்சு. ரெண்டு தட்டு தட்டினா விட்டுரும். தட்டலாமா? அந்த இரும்பைச் சோதிச்சவர் நீங்கதானே.”

சிக்கிய வால்வைச் சுத்தியலால் தட்டி விடுவிப்பது எல்லா ஃபிட்டர்களும் செய்வது. வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பான். அவன் சுபாவம் அப்படி. டிராயர் என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்தது.

“தட்டு மாப்ள. அது தாங்கும்,” என்றேன்.

இரண்டாவது தட்டு தேவைப்படவில்லை. வால்வு குறுக்கே பிளந்தது. பீறிட்ட நீராவியில் அவனும் கூட நின்ற இரண்டு பேரும் போய்விட்டார்கள். அடையாளம் காட்ட என்னைத்தான் கூப்பிட்டார்கள். அவனுடைய பெல்ட்டை வைத்துச் சொன்னேன். அன்று அழுதேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த விபத்தைப் பற்றிய உங்கள் விசாரணை அறிக்கையின் முதல் நகல் தட்டச்சுக்கு யாரிடம் போனது என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. தலைமை அலுவலகத்தில் என் மனைவியிடம். ‘தொழிலாளியின் அஜாக்கிரதை’ என்ற வரி வரைக்கும் அடித்துவிட்டு, தாளை உருவிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். “என் தம்பி கேக்காம ஒரு திருகாணியைத் தொட மாட்டாங்க. யாரையோ கேட்டிருப்பான். அது யாருன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க,” என்றாள்.

அதனால்தான் வந்தேன். அவன் என்னைக் கேட்டான். தாங்காது என்று தெரிந்தே நான் தாங்கும் என்றேன். மூன்று பேரையும் கொன்றது நான்தான். அவளிடம் சொல்லும்போது மட்டும், எல்லாமே அவள் வெக்கை தாங்காமல் தவித்ததற்காகச் செய்தது என்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள். அவளுக்காக அல்லாமல் இந்தக் கையால் ஒரு பொய் எண்ணை நான் எழுதியதில்லை.

தலைமை அலுவலகத்துக்கு அவள் எப்போது மாற்றலாகிப் போனாள் என்றா கேட்கிறீர்கள்? அந்தக் கோடையிலேயேதான், சார். நான் ஓவனை இறக்கிய நாற்பதாம் நாள். அதன் பிறகு ஓவன் இருநூறில் கிடந்த நான்கு வருடமும் அந்த அறையில் யாரும் இல்லை. பழைய நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். வெக்கையில் நாற்காலிகளும் கெட்டுப்போகும், சார்.