மலாவிப் பெண் பாடிய பாட்டு

வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்கு வரும் பகல் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். இளையவள் வேலூரில் வெளிநாட்டு மாணவர்களுக்கு ஞாயிறுதோறும் ஜெபக்கூட்டம் நடத்துகிறவள் என்று பேச்சிலேயே தெரிந்தது.

“கூட்டம் முடிஞ்சு தட்டு கழுவுறப்ப ஆப்பிரிக்காவுலேருந்து வந்திருக்கிற அந்த மலாவி பொண்ணு தமிழ்ல பாடுதுக்கா. ‘பாப்பு வாடி, சோறு ஆறுது’ன்னு. அது எங்கண்ணன் என்னைக் கூப்பிட அவனே கட்டின பாட்டு.”

“உங்கண்ணன் அந்த ஊருக்குத்தான ஊழியத்துக்குப் போனாரு? அவருகிட்ட கத்துக்கிட்டிருக்கும்.”

“அண்ணன் எறந்து ஒன்பது வருஷம் ஆவுது. அங்கியே அடக்கம் பண்ணிட்டாங்க. இந்தப் பொண்ணு போன மாசம்தான் வந்துச்சு. அது அங்கேருந்து கெளம்புற அன்னிக்குக்கூட அண்ணன் அவங்க ஊரு ஸ்கூலுக்குப் பின்னால நின்னு பாடிட்டு இருந்தாருன்னு சொல்லுது. போட்டோ காட்டினேன். இவருதான்னு சிரிக்குது.”

மூத்தவள் மடியிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினாள்.

“அம்மாகிட்ட சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன்.”

“அழுதாங்களா?”

“இல்லக்கா. அடுப்பை அணைச்சிட்டு வந்து, பாஸ்போர்ட் எடுக்க என்னென்ன வேணும்னு கேட்டாங்க.”