இரும்பு நண்டு நாளைக்கு இறங்கக் கூடாது

மடை அடைத்தால் மனம் அடைத்துப்போகும் இந்தப் பாசன விவசாயிகள் சங்கத்தின் தலைவர், மதிப்பிற்குரிய சேக் முகம்மது அண்ணாச்சி அவர்களே! மண்வெட்டி பிடித்துக் காய்த்த கைகளை மடியில் வைத்து அமர்ந்திருக்கும் பெரியவர்களே! வாழைத்தாரைத் தலையில் சுமந்து, வரப்பைக் காலில் அளந்து, வந்த களைப்பு மாறாமல் தரையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! டிராக்டர் ஓட்டும் தம்பிகளே, தீப்பொறியோடு வாழும் பட்டறைத் தோழர்களே! உங்கள் எல்லோர் மீதும் சாந்தி உண்டாகட்டும். எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் களக்காடு வெல்டிங் பட்டறை காஜா முகைதீன் மகள், முஃபீதா. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். படித்தது இயந்திரவியல். மேடையில் நிற்பது இதுவே முதல் தடவை. "சத்தமா பேசு பிள்ளே, இங்கன ஒண்ணும் கேக்கல" என்று பின்வரிசையில் ஓர் அக்கா சொல்கிறார்கள். சரி அக்கா. இன்று சத்தமாகத்தான் பேச வேண்டும்.

சற்று முன்பு தலைவர் அண்ணாச்சி எனக்குப் பொன்னாடை போர்த்த எழுந்தார்கள். வேண்டாம் என்று கையைப் பிடித்துத் தடுத்தேன். மரியாதைக் குறைவு என்று சிலர் முணுமுணுத்தீர்கள். ஏன் தடுத்தேன் என்று சொல்லத்தான் ஒலிபெருக்கியைக் கேட்டு வாங்கினேன்.

பேய்க்காற்று அடித்த அன்று நம் கால்வாயில் எத்தனை மரம் விழுந்தது? மருதம் விழுந்தது, புளி விழுந்தது, உடை மரம் முள்ளோடு விழுந்தது. மேலே தண்ணீர் தேங்கியது. கீழே வாழை தவித்தது. ஆள் வைத்து வெட்டி இழுத்தால் இரண்டு மாதம். அப்போதுதான் தலைவர் அண்ணாச்சி டிராக்டரின் முன்னால் தூக்கி இறக்கும் லோடரில் பொருத்த ஒரு கவ்வியை நான் வரைந்தேன். கீழே நான்கு விரல், பழைய லாரியின் வில்பட்டையில் வெட்டியது. மேலே இரண்டு விரல். அவற்றை அழுத்திப் பிடிக்க, உடைத்துப் போட்ட டிப்பரிலிருந்து கழற்றிய இரண்டு ஹைட்ராலிக் சிலிண்டர். என் வாப்பா நான்கு நாளில் செய்து முடித்தார்கள். அதற்கு "நண்டு" என்று பெயர் வைத்தது நீங்கள்தான். நண்டு கவ்வியது! பத்துப் பேர் புரட்ட முடியாத மரத்தைப் பஞ்சு மூட்டை போலத் தூக்கியது! நீங்கள் கை தட்டினீர்கள். நானும் கரையில் நின்று சிரித்தேன்.

பதினோரு நாள் சிரித்தேன். பன்னிரண்டாம் நாள் அது முத்துமாலை அண்ணன் மேல் மரத்தைப் போட்டது.

இருபத்திரண்டு நாளாக இந்த ஊர் என்ன சொல்லுகிறது? டீக்கடையில் என் காதுபடவே சொன்னார்கள். "சின்னப் பய, லீவரைத் தப்பாத் தட்டிருப்பான் வே." அதற்கு இன்னொருவர், "இவன் எதுக்குவே மரத்துக்குக் கீழ போனான்? கிறுக்கனா?" ஒருவர் அன்று டிராக்டர் ஓட்டிய சதாமைக் குற்றவாளி ஆக்கினார். ஒருவர் செத்தவரைக் கிறுக்கன் ஆக்கினார். டீ ஆறுவதற்குள் வழக்கு முடிந்துவிட்டது!

அண்ணன் கிறுக்கர் அல்லர். அன்று நான் பத்தடி தூரத்தில் நின்றேன். மரம் உயரே போய் லேசாகத் திரும்பியது. அண்ணன் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "ஏலே சதாம், பைய எறக்குலே, நான் ஒரு கை குடுக்கேன்" என்று கீழே வந்தார். சதாம், "அண்ணே, தள்ளுங்கண்ணே!" என்று கத்தினான். "ஒனக்கு வண்டி ஓட்டத் தெரியும், மரம் தூக்கத் தெரியுமால?" என்று அண்ணன் சிரித்தார்.

ஒரு கை கொடுப்பது! பெரியோர்களே, இந்தப் பக்கத்தில் யாராவது சுமை தூக்கினால் நாம் பார்த்துக்கொண்டு நிற்போமா? தார் ஏற்றினால் கை கொடுப்போம். மூட்டை இறக்கினால் கை கொடுப்போம். முன்பின் தெரியாதவன் வண்டி சகதியில் சிக்கினாலும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கிக் கை கொடுப்போம். மரத்தைத் தூக்குவது மனிதன் அல்ல, இயந்திரம் என்பது அந்தக் கைக்கு எப்படித் தெரியும்? நம் நல்ல பழக்கத்தால்தான் அவர் அங்கே வந்தார். அவர் வருவார் என்று வரைந்தவளுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? ஓரமாக ஒரு வட்டம் போட்டு, இதற்குள் எவரும் நிற்கக் கூடாது என்று ஒரு வரி எழுதியிருக்க வேண்டாமா?

எழுதவில்லை. அது என் முதல் பிழை.

இரண்டாவது பிழையைச் சொல்கிறேன். எண்ணெயின் அழுத்தம் இருக்கும்வரைதான் நண்டு கவ்வும். குழாய் வெடித்தால் எண்ணெய் வெளியே ஓடும், விரல் தளர்ந்துவிடும். அதைத் தடுக்க ஒரு வால்வு உண்டு. பூட்டு வால்வு. உள்ளங்கைக்குள் அடங்கும். சிலிண்டரின் வாயிலேயே பொருத்திவிட்டால், குழாய் அறுந்தாலும் விரல் திறக்காது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் என் படத்தில் வரைந்திருந்தேன். தெரிந்துதான் அழித்தேன்.

ஆம், அழித்தேன். "வாப்பா, இந்த வால்வு கோயம்புத்தூர்லேருந்து வரணும். ஆறு நாளாவுமாம்" என்றேன். "ஆறு நாள்ல வாழை கருகிருமே பிள்ளே. அது இல்லாம ஓடாதா?" என்று வாப்பா கேட்டார்கள். என்னை நம்பிக் கேட்டார்கள். படித்த பிள்ளை சொன்னால் சரியாக இருக்கும் என்று கேட்டார்கள். நான், "ஓடும் வாப்பா" என்றேன். ரப்பரை எடுத்துத் தேய்த்தேன்.

அண்ணன் இறந்த மறுநாள் குழாயைக் கழற்றிப் பார்த்தேன். சட்டத்தில் உரசி உரசி உள்கம்பி தெரிந்து, ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. சதாமின் லீவர் இறுக்கிய நிலையிலேயே இருந்தது. அவன் திறக்கவில்லை. ஐயா, அவன் திறக்கவில்லை! அதை அறிந்தும் வாய் திறவாமல் இருந்தேன். முத்துமாலை அண்ணன் மனைவி பாக்கியவதி அக்கா வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனபோது என் கையைப் பிடித்துக் கேட்டார்கள், "நீ படிச்ச பிள்ள, சொல்லு. அது தானாத் தொறந்துச்சா, அந்தப் பய தொறந்தானா?" நான், "தெரியலக்கா" என்றேன். தெரிந்துகொண்டே சொன்னேன். அக்கா இங்கே வரவில்லை. இந்த ஒலிபெருக்கி அவர்கள் தெருவுக்குக் கேட்கும். அக்கா, அது தானாகத் திறந்தது. திறக்கும்படி விட்டது நான்.

"முஃபீதா, போதும்மா, உக்காரு" என்று தலைவர் அண்ணாச்சி மெல்லச் சொல்கிறார்கள். போதாது அண்ணாச்சி. நாளைக் காலை இதையே காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுப்பேன். ஆனால் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது.

நான் வால்வை அழித்த அந்தப் படத்தை யாரோ கைபேசியில் படம் எடுத்தார்கள். அது குழு குழுவாகப் போனது. பக்கத்து ஊர்ப் பட்டறைகளில் அதைப் பார்த்து ஐந்து நண்டுகள் பிறந்துவிட்டன. ஐந்திலும் வால்வு இல்லை. நேற்று ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தேன். தப்பு சதாமுடையது என்று நம்புகிறீர்கள்; அதனால் நண்டின் மேல் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. நாளைக் காலை ஆறு மணிக்கு ஐந்தும் கால்வாயில் இறங்கப் போகின்றன. நாற்பது பேர் கூட நிற்கப் போகிறார்கள். நாற்பது பேருக்கும் எண்பது கை!

"அப்போ எங்க வாழை கருகட்டும்ங்கியா?" சுடலைமணி அண்ணாச்சி கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி. கருக வேண்டாம் அண்ணாச்சி. வேண்டிய வால்வுகளுக்கெல்லாம் சொல்லியாயிற்று. ஆறு நாளில் வரும், ஐந்து நண்டுக்கும் நானும் வாப்பாவும் பொருத்தித் தருகிறோம். அதுவரை மரத்தைத் தூக்காதீர்கள். நீளச் சங்கிலி போட்டு, ஆளை விலக்கி, தரையோடு இழுங்கள். ஒரு நாள் வேலை நான்கு நாள் ஆகும். சில வாழை போகும். அதையும் மறைக்கவில்லை.

"பதினோரு நாள் ஒண்ணும் ஆவலயே வே!" இதுவும் சுடலைமணி அண்ணாச்சிதான். ஆகவில்லை. முத்துமாலை அண்ணனும் பதினோரு நாள் உயிரோடு இருந்தார்.

நண்டு வைத்திருக்கும் ஐந்து பேரும் இங்கே இருக்கிறீர்கள். வால்வு வரும்வரை என் நண்டு இறங்காது என்று இந்தச் சபை முன் எழுந்து நின்று சொல்லுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன். சொல்லுங்கள்!

நூகு அண்ணாச்சி எழுந்துவிட்டார்கள். அந்த வரிசையில் இருவர். அதோ, தூணருகே ஒருவர். நான்கு பேர்.

சுடலைமணி அண்ணாச்சி, நான் காத்திருக்கிறேன்.

தலையைக் குனிந்துகொண்டீர்கள். சரி. உங்களை வையவும் மாட்டேன், வழியை மறிக்கவும் மாட்டேன். ஆனால் ஒன்று. நாளைக்கு உங்கள் நண்டு ஒரு மரத்தைத் தூக்கினால், அதன் கீழே வேறு எவரும் நிற்க வேண்டியதில்லை. வரைந்தவள் நிற்பேன். அழித்தவள் நிற்பேன். அதற்குப் பிறகு லீவரை இழுங்கள்.

இதுவரை பொறுத்துக் கேட்ட செவிகளுக்கு நன்றி. எழுந்து நிற்கும் நால்வருக்கும் என் சலாம். உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு மட்டும், என் வணக்கம் நாளைக் காலை ஆறு மணிக்கு, கால்வாயில்.