வாசித்தவர் பெயரை வானலையில் சொன்னவருக்கு

காற்றில் கலந்து கேட்போர் காதுகளில் குடியேறிய கனிந்த குரலே! முப்பத்தோர் ஆண்டுகள் எம் வானொலி நிலையத்தின் முற்பகல் பத்து மணியை இசைமணியாக்கி, இன்று பணி ஓய்வு பெறும் எங்கள் மூத்த அறிவிப்பாளரே! வணங்கி வாழ்த்துகிறோம்.

"இவர் யாருன்னா..." என்று தொடங்கித்தான் ஒவ்வொரு கலைஞரையும் அறிமுகம் செய்வீர்கள். அதனாலேயே நேயர்கள் உங்களுக்கு 'யாருன்னா அக்கா' என்று பெயர் சூட்டினார்கள். திங்களன்று ராக், புதனன்று ராப், வெள்ளியன்று ஜாஸ் என வகைக்கொரு நாள் வகுத்தீர்கள். ராப் என்றாலே வானொலியை அணைத்துவிடும் தையல்கடைக்காரர் ஒருவர், பாடகர் எங்கே மூச்சு வாங்குகிறார் என்று நீங்கள் விளக்கியதைக் கேட்ட பிறகு, "மெஷின்ல தைக்கிற மாதிரியில்ல பாடறாரு, ஒரு தையல்கூட விடல!" என்று எழுதிப் போட்டார்.

பாராட்டு மடலில் பிழையைப் பேசுவது மரபன்று. ஆயினும் உங்கள் பெருமைகளில் பெரியது ஒரு பிழையில் பிறந்ததால் பேசாமலிருக்க முடியவில்லை.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை. புகழ்பெற்ற ஜாஸ் குழுத்தலைவர் ஒருவரின் பழைய இசைத்தட்டை ஒலிபரப்பி, அதிலுள்ள டிரம்பெட் வாசிப்பு அவருடையதென்று வாயாரப் புகழ்ந்தீர்கள். இசை அடங்குமுன் தொலைபேசி அடித்தது. பேசியவர் ஒரு பெண்மணி.

"அதை வாசிச்சது அவர் இல்லீங்க, என் வீட்டுக்காரர். இப்போ ஆஸ்பத்திரியில லிஃப்ட் ஓட்டறாரு."

அன்றைய நிலைய இயக்குநர், "தட்டு உறையில தலைவர் பேர்தானே இருக்கு? யார் கவனிக்கப் போறா, விட்டுத்தள்ளுங்க" என்றார்.

"அந்தம்மா கவனிச்சிட்டாங்களே சார்."

"பெரிய இடத்து விவகாரம். உங்க நிகழ்ச்சியையே நிறுத்த வேண்டி வரும்."

"ஆதாரத்தோட வரேன் சார். சொன்னதைத் திருத்தினதுக்கு அப்புறம் நிறுத்திக்குங்க."

மூன்று வாரம் அலைந்தீர்கள். அந்த இசையைப் பதிவுசெய்த ஒலிப்பொறியாளரைத் தேடிப் பிடித்தீர்கள். அவர் பத்திரப்படுத்தியிருந்த நாடாப் பெட்டியின் உள்மூடியில், அன்று வாசித்தவர்கள் பெயரெல்லாம் பென்சிலில் இருந்தன. டிரம்பெட்டுக்கு நேரே இருந்தது லிஃப்ட்காரரின் பெயர்.

மூன்றாவது வெள்ளியன்று, "மூணு வாரத்துக்கு முன்னாடி இதே நேரத்துல நான் தப்பான பேரைச் சொல்லிட்டேன்" என்று தொடங்கினீர்கள். அந்த வாசிப்பை மீண்டும் ஒலிக்கவிட்டு, ஆஸ்பத்திரிச் சீருடையிலேயே வந்திருந்தவர் பக்கம் மைக்கை நகர்த்தினீர்கள். அவருக்குப் பேச்சு எழவில்லை. வானொலியில் மௌனத்தைப் போல மகாபாவம் வேறில்லை. கண்ணாடிக்கு இப்புறம் நாங்கள் கையைக் காலை ஆட்டிப் பதறினோம். நீங்களோ அசையாமல் காத்திருந்தீர்கள். பதினான்கு விநாடி கழித்து அவர் சொன்னார்: "அது நான்தான்."

சொன்னபடியே நிகழ்ச்சி நின்றது. முகம் சுளிக்காமல் இரண்டு மாதம் வானிலை அறிக்கை வாசித்தீர்கள்! பிறகு குழுத்தலைவரிடமிருந்தே கடிதம் வந்தது: "உண்மைதான். அன்று எனக்குக் காய்ச்சல். பிறகு சொல்ல வெட்கமாகிவிட்டது." நிகழ்ச்சி திரும்பியது. அன்றுமுதல், பக்கவாத்தியக்காரர் வரை பெயர் சொல்லாமல் எந்த இசையையும் இந்நிலையம் ஒலிபரப்புவதில்லை. லிஃப்ட்காரர் மறுபடி டிரம்பெட்டைத் தொடவில்லை. ஆனால் மாடிக்குப் போகிறவர்கள், "அது நீங்கதானே?" என்று கேட்டுக்கொண்டுதான் ஏறுகிறார்களாம்.

அஞ்சாத அறமே! திருத்திக்கொள்ளத் தயங்காத திறமே! நோய்நொடி அண்டாமல், செவிக்கூர்மை குன்றாமல், நூறாண்டு வாழ்க! நல்ல வாசிப்பு வரும்போதெல்லாம், ஒலிபுகாத அந்த அறைக்குள் தன்னந்தனியாகக் கைதட்டுவீர்கள். கண்ணாடி வழியே நாங்கள் பார்த்திருக்கிறோம். இனி அரங்குகளின் முன்வரிசையில் அமருங்கள். ஆயிரம் பேரோடு சேர்ந்து, அவர்களுக்கும் கேட்கும்படி தட்டுங்கள்!

என்றும் உங்கள் அன்பை மறவாத,
அறிவிப்பாளர்கள், ஒலிப்பதிவாளர்கள், இசைத்தட்டு நூலகர், வாயில் காவலர்