போதும் என்று சொல்ல ஓர் ஆள்

“...பொய்யே பேசக்கூடாதுன்னு என்னை நானே பழக்கிக்கிட்டேன்க்கா. ஒரு பொய் சொன்னா கன்னத்துல ஒண்ணு போட்டுக்குவேன். இப்ப நான் நினைக்காமலே இந்தக் கை வந்து அடிக்குது.”

ஸ்ரீரங்கம் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். பேசியவள் இளையவள், ஒரு பக்கக் கன்னம் கன்றிப்போயிருந்தது. மூத்தவள் முதலில் சிரிக்கத்தான் செய்தாள்.

“இதுக்குத்தான்டி ஒரு குரு வேணுங்கிறது.”

“எதுக்குக்கா? நல்லது கெட்டது எனக்கே தெரியுமே.”

“தெரியும். போதும், நிறுத்துன்னு உனக்கு யாரு சொல்றது?”

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது. இளையவள் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பயமா இருக்காடி?”

“அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா” என்றாள். சொல்லி முடிக்கும் முன்பே இடது கையால் வலது கையைப் பிடித்திழுத்து, தொடைக்கு அடியில் போட்டு, அதன்மேல் அழுந்த உட்கார்ந்துகொண்டாள்.