ஐந்தாவது துணி

வாகட் போகும் பேருந்தில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் சொன்னாள்: "அந்த அழுக்குத் துணியைக் கண்ணுல ஒத்திக்கலாம் போல இருந்துச்சுக்கா."

"எந்தத் துணி?"

"கார் சர்வீஸ் முடிஞ்சு வந்ததும் இழுக்கவே இல்ல. ஆக்சிலேட்டரை மிதிச்சா முனகுது. விடிஞ்சா அப்பாவை டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போகணும். அழுகையே வந்துருச்சு. அப்ப பார்த்தா, மெக்கானிக்கே ஏரவாடாவுல இருக்கிற கடைலேர்ந்து எங்க வாசல்ல வந்து நிக்கிறார். கடை மூடறப்ப தினமும் வண்டி துடைக்கிற துணியை எண்ணுவாராம். அஞ்சுல ஒண்ணு குறைஞ்சுதாம். இன்ஜினுக்குக் காத்து போற குழாய்ல தூசி விழக்கூடாதுன்னு துணியை அடைச்சவர், எடுக்க மறந்துட்டார். அதை உருவினதும் வண்டி பழையபடி இழுத்துச்சு."

"நல்லா திட்டினியா?"

"திட்டறதா? தோசை வார்த்துக் குடுத்தேன். மனுஷன் அந்த அஞ்சாவது துணியைப் பையில வச்சப்புறம்தான் தட்டுல கை வச்சார்."