போல்ட்டின் மேல் ஒரு வெள்ளைக் கோடு

துவக்குக்கு ஹாண்ட்கார்ட் தெரிவு செய்வதும் சப்பாத்து வாங்குவதும் ஒரே வேலைதான் என்று அன்று கடையில் வைத்துச் சொன்னேன். போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும், கடிக்கக்கூடாது, அவ்வளவுதான். அன்புராசா அதை மிகவும் ரசித்தான். பிறகு இரண்டு மூன்று வீடுகளில் அதையே திருப்பிச் சொன்னதாகக் கேள்விப்பட்டேன்.

நிரூபா பிள்ளை, நீங்கள் அவனுடைய சட்டத்தரணி. தெரிந்ததையெல்லாம் தமிழில் எழுதித் தாருங்கள், மொழிபெயர்ப்பை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லி, கடதாசியும் தேத்தண்ணியும் தந்துவிட்டு அடுத்த அறைக்குப் போயிருக்கிறீர்கள். வியாழக்கிழமை அவனுக்குத் தண்டனை சொல்லப் போகிறார்கள். ஆகவே ஒழுங்காக எழுதுகிறேன்.

என் பெயர் மரியரட்ணம். வயது ஐம்பத்தெட்டு. வெக்ஸ்போர்ட்டில் லொறிகளுக்கு பிரேக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாக வேலை. அன்புராசா, அவன் மனைவி ஸ்டெபனி, ஸ்டெபனியின் அண்ணன் றெமிஜியஸ் மூவரும் ஸ்காபரோவில் எங்கள் தமிழ்ப் பூசைக்கு வருகிறவர்கள். அப்படித்தான் பழக்கம்.

நீங்கள் இங்கே பிறந்தவர், இது தெரியாமல் இருக்கலாம். சண்டை நடந்த வருடங்களில் ஒருவன் ஊரில் என்ன செய்தான் என்று எங்கள் ஆட்கள் முகத்துக்கு நேரே கேட்பதில்லை. விசாவுக்குப் பயந்து தொடங்கிய பழக்கம், பிறகு அதுவே மரியாதையாகிவிட்டது. வாய் திறக்காதவனைச் சண்டையில் பெரிய ஆள் என்று தாங்களே முடிவெடுத்துக்கொள்வார்கள். என் இடது கையில் முழங்கை வரைக்கும் ஒரு தழும்பு இருக்கிறது. நானும் வாய் திறப்பதில்லை. மீதியை அவர்களே சேர்த்துக்கொண்டார்கள். தேவாலய மண்டபத்துக்குள் நான் வந்தால் அன்புராசா எழும்பிக் கதிரையைத் தருவான். முப்பத்தைந்து வயதுக்காரன், சொந்தமாக லொறி வைத்திருப்பவன், எழும்பி நிற்பான்.

அந்தத் தழும்பு மன்னாரில் ஐஸ் கொம்பனியில் ஐஸ் உடைக்கும் மெசின் தந்தது. ஊரில் இருந்த காலத்தில் அதற்கு முன்னும் பின்னும் நான் ஒருநாளும் துவக்குப் பிடித்ததில்லை. பொய்யும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை.

றெமிஜியஸ் மட்டும் இடைக்கிடை நக்கலடிப்பான். "மரியண்ணை, உங்கட கதை எப்ப புத்தகமா வருது?" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

போன கோடையில் அன்புராசா மான் வேட்டைக்கென்று லைசென்ஸ் எடுத்து, சோவியத் காலத்துப் பழைய ரைபிள் ஒன்று வாங்கினான். குழலின் மேல் கை சுடாமல் இருக்க மர உறை ஒன்று இருந்தது. அதுதான் ஹாண்ட்கார்ட். குறி பார்ப்பதற்குச் சிவப்புப் புள்ளி தெரியும் கண்ணாடி ஒன்று பூட்ட அவனுக்கு ஆசை. அதற்கு, மேலே பல்லுப் பல்லாக றெயில் ஓடும் உலோக ஹாண்ட்கார்ட் வேண்டும்.

"அண்ணை, உங்களுக்குத்தானே உது தெரியும். ஒருக்கா வந்து பாத்துச் சொல்லுங்கோ."

அப்போதே தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல்தான்.

கடையில் இரண்டை எடுத்து வைத்தார்கள். ஒன்று இலேசானது, மர உறை இருந்த இடத்தில் மட்டும் பொருந்துவது. மற்றது பாரமானது, ரைபிளின் உடலோடு சேர்த்து இறுக்குவது. இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்தேன், ஒரு கண்ணை மூடினேன், நகத்தால் தட்டினேன். கறுப்பு நிறம் நன்றாக இருந்ததால் இலேசானதைக் காட்டி இதுதான் என்றேன். அந்த நேரம் அன்புராசாவுக்கு போன் வந்தது, வெளியே போனான். கடைக்காரன் என் பக்கம் குனிந்து, இதில் லைட் பூட்டலாம், குறிக்கண்ணாடி பூட்ட வேண்டாம், சுடச் சுடச் சூடேறி அசையும், குறி விலகும், அதற்கு மற்றதுதான் சரி என்றான். நல்ல மனிதன். ஆங்கிலம் எனக்கு விளங்கும்.

அன்புராசா உள்ளே வந்து, "என்ன சொல்லுறான்?" என்றான்.

"நல்ல சாமான் எண்டு சொல்லுறான்" என்றேன்.

மல்வேர்னில் அவன் வீட்டு கராஜில் ஹாண்ட்கார்ட்டையும் குறிக்கண்ணாடியையும் நானே பூட்டினேன். எங்கள் தொழிற்சாலையில் ஒவ்வொரு போல்ட்டையும் இறுக்கிய பின், போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரை பெயின்ற் பேனையால் ஒரு வெள்ளைக் கோடு இழுப்போம். போல்ட் அசைந்தால் கோடு இரண்டாகப் பிரிந்து காட்டிக்கொடுக்கும். கைப் பழக்கத்தில் இதற்கும் இழுத்தேன். பயிற்சிக்குப் போன இடத்தில் இருபது தரம் சுட்டான். குறி வரவர வலப்பக்கம் போயிற்று. கோட்டைப் பார்த்தேன், பிரிந்திருந்தது. "உன்ர தோள் ஆடுது தம்பி, மூச்சைப் பிடி" என்றேன். அவன் தேத்தண்ணி வாங்கப் போனபோது கோட்டைச் சேர்த்து இறுக்கிவிட்டேன்.

நவம்பரில் அன்புராசா, றெமிஜியஸ், நான் மூவரும் மான் வேட்டைக்கு வடக்கே போனோம். எனக்கு இனித் துவக்கு வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அன்புராசா அதற்கும் தலை குனிந்தான். காலை எட்டு மணிக்கு, வாகனத்தில் குலுங்கி வந்த ரைபிளை அவன் வெளியே எடுத்தபோது கோடு மறுபடியும் பிரிந்திருப்பதைக் கண்டேன். போல்ட்டை இறுக்கும் அலன் சாவி என் ஜக்கெற் பையிலேயே இருந்தது. ஆனால் றெமிஜியஸ் பக்கத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முன்னால் இறுக்கினால் ஏன் கழன்றது என்று கேட்பான். கேட்டால் விடமாட்டான். சாவியை எடுக்கவில்லை.

ஒரு வெள்ளைப் பட்டை மரத்தை எல்லையாக வைத்தோம். அதற்கு வலப்புறம் றெமிஜியஸ், செம்மஞ்சள் உடுப்போடு. இடப்புறம் மட்டும்தான் அன்புராசா சுடலாம். மான் இடப்புறம்தான் வந்தது. அவன் மூன்று தரம் சுட்டான். மூன்றாவது றெமிஜியஸின் தொடையில் பட்டது.

அன்புராசா ரைபிளை என் கையில் தந்துவிட்டு ஓடினான். நான் ஓடவில்லை. சாவியை எடுத்து, கோட்டின் இரண்டு துண்டையும் நேராகச் சேர்த்து, இறுக்கினேன். இரண்டு நிமிடம் இருக்கும். தொழிற்சாலையில் முதலுதவிக்குப் பொறுப்பு நான்தான். இரத்தம் போகிற இடத்தை எப்படி அழுத்த வேண்டும் என்று அந்தக் காட்டில் தெரிந்தவன் நான் ஒருவன். நான் போய்ச் சேர்ந்தபோது றெமிஜியஸ் கண் திறந்துதான் இருந்தான். என்னைப் பார்த்தான். அதற்குப் பிறகு அதிக நேரம் இருக்கவில்லை.

அவனைக் கொல்ல நினைத்தேனா என்று கேட்பீர்கள். இல்லை. அவன் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் முன்னால் நின்றவன் நான்.

"சிவப்புப் புள்ளி மான்ர தோளிலதான் நிண்டது" என்று அன்புராசா பொலிஸிடம் திரும்பத் திரும்பச் சொன்னான். அவர்கள் ரைபிளைச் சோதித்தார்கள். கோடு நேராக இருந்தது, போல்ட் அசையவில்லை, குறி சரியாக இருந்தது. என்னைக் கேட்டார்கள். பெடியன் பதறிவிட்டான் என்றேன். கடைசியில் அவனே நம்பிவிட்டான். குற்றத்தை ஒப்புக்கொண்டான். ஸ்டெபனி பிள்ளைகளோடு தாய் வீட்டுக்குப் போய்விட்டாள்.

போன ஞாயிறு பூசை முடிந்து என்னிடம் வந்தான். நன்றாக மெலிந்துவிட்டான்.

"அண்ணை, நீங்கள் சண்டையில ஆக்களைச் சுட்டிருப்பியள். நான் கேக்கக்கூடாது, தெரியும். பிறகு எப்பிடி நித்திரை கொண்டனீங்கள்?"

முதன்முறையாக ஒருவன் என்னை முகத்துக்கு நேரே கேட்டான். நான் அவன் தோளில் கை வைத்து, "முதல் வருசம்தான் கஷ்டம் தம்பி, பிறகு பழகிடும்" என்றேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். வீட்டுக்கு வந்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இன்று வரைக்கும் இறங்கவில்லை. நான் செய்தது பெரிய பாவம். அதனால்தான் வந்தேன்.

இதை நீதிமன்றத்தில் கொடுங்கள். கடைக்காரன் சொன்னது, கோடு, சாவி, அந்த இரண்டு நிமிடம், எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். எத்தனை வருடம் தந்தாலும் சரி. ஒரு வேண்டுகோள் மட்டும். ஐஸ் கொம்பனி பற்றியும், நான் துவக்குப் பிடித்ததில்லை என்றும் எழுதியிருக்கிறேன் அல்லவா, அந்தப் பகுதியை எடுத்துவிடுங்கள். வழக்குக்கு அது தேவைப்படாது. எவ்வளவு அனுபவம் உள்ள ஆளுக்கும் ஒருநாள் கை பிசகும் என்று அன்புராசா நினைத்துக்கொள்ளட்டும்.