குணாவின் குரலுக்கு ஒரு நகல்

கம்ப்யூட்டரில் பேக்கப் போடுவது பெரிய வித்தை இல்லை, தம்பி. இட்லிக்கு உளுந்து ஊறப்போட மறக்காதவர்களுக்கு இதுவும் வந்துவிடும். மின்விசிறிக்குக் கீழே வந்து உட்காருங்கள். “இன்னா பண்ணே என் தங்கச்சிய?” என்று வாசலிலேயே கத்தினீர்கள், ஜெயவேலு. அண்ணனுக்கு அந்தக் கோபம் நியாயம்தான். சொல்கிறேன்.

என் தம்பி குணசேகர் தும்கூர் ரோட்டில் லாரி மோதிப் போன பிறகு, உங்கள் தங்கை மைதிலிக்கு மிச்சம் இருந்தது அவன் குரல்தான். கல்யாணமான புதிதில் ஹூப்ளியில் வேலையாக இருந்தபோது அவளுக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள். போனை நெஞ்சில் வைத்துக்கொண்டே தூங்குவாள்.

“அக்கா, இது தொலைஞ்சா நான் இன்னா பண்றது? நீங்கதான் ஸ்டுடியோல கம்ப்யூட்டர் பாக்கறீங்களே, ஏதாச்சும் பண்ணிக் குடுங்க” என்று அவளேதான் கேட்டாள்.

ஸ்ரீராம்புரத்தில் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிறவள் நான். எங்கள் ஸ்டுடியோவில் பேக்கப்புக்கு ஒரு சின்ன சாஃப்ட்வேர் வைத்திருக்கிறோம். போட்டதே தெரியாது, அவ்வளவு லேசு. எந்த ஃபோல்டர், எந்த ஹார்ட் டிஸ்க் என்று காட்டிவிட்டால் தினமும் சாயங்காலம் தானாக நகல் எடுத்து வைக்கும். போனிலிருந்த மெசேஜ்களை அவள் லேப்டாப்பில் ஏற்றி, அதில் அந்த சாஃப்ட்வேரைத்தான் போட்டேன். இங்கே அழித்தால் அங்கேயும் அழியட்டும் என்று அதில் ஒரு கட்டம் உண்டு. அதில் டிக் போட்டேன். அதற்கு முன்னால் எல்லாவற்றையும் என் பென் டிரைவில் எடுத்துக்கொண்டேன்.

அம்மா போன பிறகு குணாவுக்குத் தலைவாரிவிட்டு வளர்த்தவள் நான். அவன் இருந்தபோதே ஒருநாள் அவள் ஒரு மெசேஜைப் போட்டுக் காட்டினாள். அவன் பாடிக்கொண்டிருந்தான்.

“என்கிட்ட மட்டுந்தான்க்கா இப்படில்லாம். உங்களாண்ட பேசினா, கேஸ் சிலிண்டர் வந்துச்சா, போனை வெச்சிடறேன், அவ்ளோதானே?” என்று சிரித்தாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

பேக்கப் போட்ட சில நாளில், போனில் இடமில்லை என்றாள். “லேப்டாப்ல ஒண்ணு, டிஸ்க்ல ஒண்ணு இருக்கேம்மா, போன்லேர்ந்து எடுத்துடு” என்றேன். எடுத்தாள். பிறகு லேப்டாப் மெதுவாக ஓடுகிறது என்றாள். “டிஸ்க்ல பத்திரமா இருக்கு, இதையும் எடுத்துடு கண்ணு” என்றேன். அதையும் எடுத்தாள். நான் எதையும் தொடவில்லை. சாயங்காலம் அந்த சாஃப்ட்வேர் டிஸ்க்கையும் துடைத்துவிட்டது.

“என் கையாலயே அழிச்சிட்டேனாக்கா?” என்று கேட்டாள். “அழாதே, தெரியாமத்தானே பண்ணே” என்று மடியில் சாய்த்துக்கொண்டேன். அன்றிலிருந்து சாப்பிடுவதில்லை, கையைச் சுவரில் மோதிக்கொள்கிறாள் என்கிறீர்கள். பாவம், அவளுக்கு எப்போதும் பதற்றம் ஜாஸ்தி.

பென் டிரைவைக் கேட்கிறீர்கள். தருவதில் எனக்கொன்றுமில்லை, ஆனால் அது இனி அவளுக்குப் பயன்படாது. ஒவ்வொன்றிலும் அவன் முதலில் அவள் பெயரைத்தான் சொல்கிறான். அந்தப் பெயரை மட்டும் வெட்டிக்கொண்டிருக்கிறேன். பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. சாப்பிட்டியா, குளிருதா, சீக்கிரம் வந்துடறேன் என்கிறான். வெட்டிய இடமே தெரியாது, தம்பி. என் குணா என்னிடம்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறான்.